ஐந்தாவது ஆளுக்கும் ஒரு காப்புறுதி

கனடாவில் இருக்கும் என் மகன், குடும்பத்தோடு விடுமுறைக்கு வரப்போவதாகத் தொலைபேசியில் சொன்ன அன்று முதலில் என் சுகத்தைக் கேட்டான். அடுத்ததாகக் காரைக் கேட்டான்.

"அம்மா, உங்க கிளிநொச்சியில வாடகைக்குக் கார் குடுக்கிற ஆக்கள் இருக்கினமோ? ட்ரைவர் வேண்டாம், நானே ஓடுவன். ஆனா இன்சூரன்ஸ் சரியா இருக்கவேணும். அதை வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ."

"ஓம் தம்பி, கேக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வங்கி, அரசாங்கக் கச்சேரி, கமநல நிலையம் எல்லாம் அவர் பார்த்தார். அவர் போன பிறகும் எனக்குத் துணிச்சல் வந்துவிடவில்லை. சங்கக் கடையில் சீனி வாங்கப் போனாலும் எல்லாரும் வாங்கி முடியட்டும் என்று ஓரமாக நிற்பேன். கார் பேசப் போவது என்றால் சும்மாவா? ஆனாலும் அவன் பிறகு மாமன் பக்கத்தில் யாரிடமாவது கேட்டு, அவர்கள் வேறு கார் ஒழுங்கு செய்துவிட்டால் என்ற எண்ணமும் வந்தது. அவன் வந்து ஏறும் கார் நான் பார்த்ததாக இருக்கவேண்டும் என்று ஆசை. அடுத்த நாளே புறப்பட்டேன்.

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒருவர் இரண்டு மூன்று கார் வைத்து வாடகைக்குக் கொடுக்கிறார். அவருடைய தாயும் நானும் ஒருகாலத்தில் ஒன்றாகக் களை பிடுங்கப் போனவர்கள். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் போனேன். போயும் படலையடியில் நின்றுவிட்டேன்.

"ஏனம்மா அதில நிக்கிறியள்? நாய் கட்டித்தான் கிடக்கு, வாங்கோ."

"இல்லைத் தம்பி… கார் ஒண்டு…"

"ஆருக்கு, உங்களுக்கோ? லைசன்ஸ் இருக்கோ?" என்று சிரித்தார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "அவாவைப் பகிடி பண்ணாதையுங்கோ, பாவம், வெயிலுக்கால வந்து நிக்கிறா" என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. மகன் கேட்கச் சொன்னதை எல்லாம் கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "வீட்டுப் பாவனைக்கெண்டு இன்சூரன்ஸ் போட்டிட்டு வாடகைக்குக் குடுக்கிறவை இருக்கினமம்மா. இடிபட்டா கம்பனிக்காரன் வந்து பாத்திட்டு ஒரு சதமும் தரான். என்ர கார் வாடகைக்கெண்டே சொல்லிப் போட்டது. அதில மூண்டாம் ஆளுக்கெண்டு போடுறது ஒண்டு. அது நாங்கள் ஆரையும் இடிச்சா அவைக்குப் போறது, எங்கட கார் நொருங்கினா நொருங்கினதுதான். ஃபுல் எண்டா ரெண்டுக்கும் வரும். நான் போட்டிருக்கிறது ஃபுல். மற்றது, மகனுக்கு வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் காணாது. இஞ்ச ஓடுறதுக்குக் கொழும்பில ஒரு அனுமதி எடுத்துக்கொண்டு வரவேணும். அது இல்லாட்டி இவ்வளவு இன்சூரன்சும் வெறுங் கடதாசி. மறக்காமச் சொல்லுங்கோ."

மறக்காமல் இருக்க நான் மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டு இருக்கும்போதுதான் அவர் அதைக் கேட்டார்.

"உள்ளுக்கு இருந்து போறாக்களுக்கும் தனியாப் போடலாம். சீற் கணக்கு. எத்தினை பேர் போகினம்?"

"அஞ்சு பேர்" என்றேன்.

"மகன், மருமகள், பிள்ளையள்…"

"பிள்ளையள் ரெண்டு."

"அப்ப நாலெல்லோ? அஞ்சாவது ஆர்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அவருடைய மனைவிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்டும் விளங்காது. அம்மாவும் போறா. அஞ்செண்டு போடுங்கோ" என்றாள்.

"தம்பி, மகன் இன்னும் என்னைக் கேக்கேல்லை. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையுங்கோ" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வியர்த்துவிட்டது.

மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லவில்லை. திருகோணமலைக் கடலுக்குப் போய், அங்கிருந்து சிகிரியா, கண்டி, மலைநாடு என்று சுற்றி வருவதாகச் சொன்னான். தங்கும் இடமெல்லாம் அங்கேயிருந்தே ஒழுங்கு செய்துவிட்டான். எனக்கு மலையும் வேண்டாம், சிகிரியாவும் வேண்டாம். கார் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருக்கிறவர்கள் மட்டும்தான். அதற்குள் ஒரு ஓரத்தில் நானும் இருந்தால் காணும் என்று நினைத்தேன். கடைசிச் சண்டைக்கு முன்னமே போன பிள்ளை. மீசை சரியாக முளைக்காத முகத்தோடு அனுப்பிவிட்டு, பிறகு தொலைபேசிக்குள்தான் அவன் வளர்ந்ததைப் பார்த்தேன். தகப்பன் செத்தபோது அவனுக்கு அங்கே வதிவிடக் கடதாசி சரிவரவில்லை. செத்தவீட்டை வீடியோவில்தான் பார்த்தான்.

அவர்கள் வந்து இறங்கியபோது நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. அழுதோம். ஊர் முழுக்க வந்து நின்றது. அதற்குப் பிறகு வந்த நாட்களும் அப்படித்தான். காலையில் ஒரு கூட்டம், பின்னேரம் ஒரு கூட்டம். நான் குசினிக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவன் முற்றத்தில் கதிரையில் இருந்து ஆட்களோடு கதைப்பது எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்டது. ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா" என்றான். "என்ன தம்பி" என்று திரும்புவதற்குள் படலையில் யாரோ கூப்பிட, போய்விட்டான்.

கார்க்காரர் காரைக் கொண்டுவந்து விட்ட அன்று நல்ல பகிடி. மகன் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். குனிந்து சில்லுக்குக் கீழேயும் எடுத்தான். கதவில் இருந்த ஒரு கீறலைத் தடவிப் பார்த்து, "இது முதலே இருந்ததுதானே அண்ணை?" என்று கேட்டான்.

"இருந்ததுதான் தம்பி. பொம்பிளை பாக்க வந்த மாதிரியெல்லோ பாக்கிறீர்! பல்லையும் எண்ணுமன்."

"குறை நினையாதையுங்கோ அண்ணை, அங்க அப்பிடித்தான் பழக்கம். எடுக்கேக்க படம், குடுக்கேக்க படம். சரி, ரோட்டில மாடு பாஞ்சு இடிபட்டா இன்சூரன்ஸ் குடுக்குமோ?"

"குடுக்கும்."

"யானை வந்தா?"

"யானை வந்தா முதல்ல நீர் இறங்கி ஓடும். மிச்சத்தைப் பிறகு நானும் யானையும் பேசித் தீர்க்கிறம்."

மருமகளுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் சின்ன வயதிலேயே அங்கே போய் வளர்ந்த பிள்ளை. தமிழ் நன்றாகக் கதைப்பாள். என்னை வாய் நிறைய மாமி என்று கூப்பிடுவாள். மகன் காரில் ஏறி வாய்க்கால் வீதியில் ஓடிப் பார்த்தான். அங்கே வீதியில் வலப்பக்கமாம், இங்கே இடப்பக்கம். திரும்புவதற்கு லைட் போடுகிறேன் என்று கையை வைத்தால் கண்ணாடி துடைக்கிற துடைப்பான் ஓடியது. நல்ல வெயிலுக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் துடைப்பான் ஆடிக்கொண்டு போக, கார்க்காரர், "ஆடி முடியப் போகுது, இந்த முறை மழை முந்திப்போச்சு" என்றார்.

போகும்போது அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார், "உள்ளுக்கு இருக்கிற அஞ்சு பேருக்கும் போட்டிருக்குத் தம்பி."

"நாங்கள் நாலு பேர்தானே அண்ணை?"

நான் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "கார் அஞ்சு சீற். ஒண்டை மட்டும் விட்டிட்டுப் போடேலுமோ?" என்று அவர் சமாளித்தது கேட்டது. நல்ல மனிதர்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் சாமான்களைக் காரில் ஏற்றிப் பார்த்தார்கள். பின்பக்கப் பெட்டிக்குள் எல்லாம் அடங்கவில்லை. பெரிய சூட்கேஸ் ஒன்று மிஞ்சியது. அதைப் பின் சீற்றில் பிள்ளைகளுக்கு நடுவில் வைத்தார்கள். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, அப்பம்மா எங்க இருப்பா?" என்று கேட்டாள்.

"அப்பம்மாவுக்குத் தூர ஓட்டம் ஒத்துவராது குஞ்சு. பஸ் ஏறினாலே சத்தி எடுப்பா. பாவம், அவாவைக் கஷ்டப்படுத்தக் கூடாது."

அவன் சொன்னது பொய்யில்லை. சின்னப் பிள்ளையாக அவனை மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் நான் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டுதான் போவேன். அதை அவன் இவ்வளவு காலமும் நினைவில் வைத்திருக்கிறானே என்று சந்தோசமாகவும் இருந்தது. 'இல்லைத் தம்பி, நான் வாறன்' என்று நான்கு சொல் சொன்னால் போதும். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். "தேசிக்காய் கரைச்சுக் கொண்டரட்டோ?" என்று கேட்டேன். அலுமாரிக்குப் பின்னால் ஒரு பையில் இரண்டு சேலையும் துவாயும் மடித்து வைத்திருந்தேன். அன்று படுக்கும்போது அதை எடுத்துச் சேலைகளைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

அடுத்தநாள் காலையில் ராகுகாலம் தொடங்க முன்னம் அவர்கள் புறப்படவேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். நான்கு சில்லுக்கும் கீழே நான்கு தேசிக்காய் வைத்தேன். காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க மருமகளிடம் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை, புருசனும் பிள்ளைகளுமாக இருக்கிறவள், நிறைகுடத்தோடு எதிரே வருவதற்கு ஆயத்தமாக நின்றாள். எல்லாம் சரி என்று பார்த்த பிறகு நான் குசினிக்குள் போனேன். போய் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இதை விளங்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். யாராவது பயணம் புறப்படும்போது எதிரே முதலில் வருகிற ஆளை முழுவியளம் என்று சொல்வோம். நல்ல ஆள் வந்தால் பயணம் நல்லது. தாலி இழந்தவள் அதில் வந்து நிற்கக்கூடாது. யாரும் என்னைப் போ என்று சொன்னதில்லை. நானாகத்தான் ஒதுங்குவேன். வீட்டுக்காரர் போன நாளிலிருந்து அப்படித்தான். ஊரில் யார் வீட்டிலிருந்து யார் போனாலும் சரி, வாகனம் வாசலில் நின்றால் நான் உள்ளே. அதுவும் இவன் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பழக்கமில்லாத பக்கத்தில் கார் ஓட்டப் போகிறான். என்னால் ஒரு குறை வந்துவிடக்கூடாது.

மருமகள் உள்ளே வந்தாள். "மாமி, அவர் உங்களைக் கூப்பிடுறார்."

"நான் இப்ப வெளியில வரமாட்டன் பிள்ளை. நேரம் போகுது, நீங்கள் வெளிக்கிடுங்கோ. அம்மாளாச்சி துணை."

அவள் கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் போல இருந்தது. பிறகு போய்விட்டாள். "மாமி வரமாட்டாவாம்" என்று அவள் சொன்னது கேட்டது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கதவுகள் சாத்தப்பட்டன. தேசிக்காய் நசுங்கிய சத்தமும் கேட்டது. கார் போனது.

சத்தம் அடங்கிய பிறகு வெளியே வந்தால் விறாந்தையில் அந்தப் பெரிய சூட்கேஸ் நிற்கிறது. ஐயோ, உடுப்பை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று அதை இழுத்துக்கொண்டு படலைக்கு ஓடினேன். அதன் சில்லு மண்ணில் புதைந்து உருளவில்லை. நிறைகுடத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, "எங்கயக்கா இழுத்துக்கொண்டு ஓடுறியள்?" என்று கேட்டாள்.

"விட்டிட்டுப் போட்டினம் பிள்ளை!"

"விட்டிட்டுப் போகேல்லையக்கா. அவர்தான் வேண்டிய உடுப்பை மட்டும் எடுத்திட்டுத் தூக்கி விறாந்தையில வச்சவர். நடுச் சீற் உங்களுக்கெல்லோ? நேற்றுச் சாமான் ஏத்தினாப் பிறகு காருக்கு எண்ணெய் அடிக்கப் போனவராம். அங்க கண்ட இடத்தில அந்தக் கார்க்கார அண்ணை சொல்லிப்போட்டார், அம்மா தன்னையும் சேர்த்துத்தான் அஞ்சு சீற்றுக்குச் சொன்னவா எண்டு. வெளிக்கிடேக்க உங்களைத் திடுக்கிட வைப்பம் எண்டு பிள்ளையளும் பேசாம இருந்ததுகள். நீங்கள்தான் வரமாட்டன் எண்டிட்டியளாம். அவர் அந்தச் சீற்றைப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டார். 'அம்மாவுக்கு விருப்பமில்லைப் போல' எண்டிட்டு ஏறினார்."

நான் சூட்கேசைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"போன் அடியுங்கோவன் அக்கா. முறிகண்டிப் பிள்ளையாரடியில எல்லாரும் இறங்கித்தானே போவினம். திரும்பி வரச் சொல்லுங்கோ."

தொலைபேசி இடுப்பில்தான் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஆனால் புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னால் கூப்பிடக்கூடாது. பயணம் தடைப்பட்டால் சரியில்லை. அதுவும் பிள்ளைகள் இருக்கிற கார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு, "உங்களோட என்னத்தைச் செய்யிறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் விறாந்தையில் சூட்கேசுக்குப் பக்கத்தில் இருந்தேன். இப்போது முறிகண்டியில் கற்பூரம் கொளுத்துவார்கள், இப்போது கச்சான் கடலை வாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். மாங்குளம் தாண்டியிருக்கும் என்று மனம் சொன்ன பிறகுதான் தொலைபேசியைத் திரும்ப இடுப்பில் செருகினேன்.

பின்னேரம் அவனே திருகோணமலையில் இருந்து எடுத்தான். பின்னால் கடல் இரைச்சலும் பிள்ளைகள் கத்துகிற சத்தமும் கேட்டது.

"வந்து சேந்திட்டமம்மா. சாப்பிட்டியளோ?"

"ஓம். தம்பி…"

"சொல்லுங்கோ."

முகம் தெரியாதபடியால்தான் எனக்குச் சொல்ல முடிந்தது. "நான் வந்திருப்பன் தம்பி. எனக்கு வர விருப்பம்."

"பிறகேனம்மா வரமாட்டன் எண்டனீங்கள்?"

"நான் முழுவியளத்துக்கு வரக்கூடாதெல்லோ. அதுதான் உள்ளுக்கு நிண்டனான். நீ சீற் விட்டது எனக்குத் தெரியாது."

இரைச்சல் மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எனக்கு உது தெரியாதம்மா" என்றான் பிறகு. "நான் போகேக்க நீங்கள் படலையில வந்து நிண்டுதானே அனுப்பினீங்கள்."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அவன் போகும்போது தகப்பன் இருந்தார். என் நெற்றியில் பொட்டு இருந்தது. நான்தான் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தேன். கதவுக்குப் பின்னால் நிற்கிற என்னை அவன் ஒருநாளும் கண்டதில்லை. எனக்கு அது பழகிப் பழகி மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. அவனுக்குத் தெரிந்த அம்மா வேறு ஆள்.

"விடிய வெளிக்கிட்டு வந்து ஏத்துறன்" என்றான். நான் விடவில்லை. பிள்ளைகள் கடலைக் கண்டு துள்ளுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "நீ சுத்திப்போட்டு வா. இடம் எல்லாம் பதிஞ்சு வச்சிருக்கிறாய். வந்து ஒருநாள் என்னை வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு அது காணும்" என்றேன். என் வாழ்நாளில் ஒருவரிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை.

அவர்கள் திரும்பி வந்த பிறகு வற்றாப்பளைக்குப் போனோம். மருமகள் பின்னால் பிள்ளைகளுக்கு நடுவில் போய் இருந்துகொண்டு, "மாமி முன்னுக்கு" என்றாள். முன் சீற் ஆம்பிளைகள் இருக்கிற இடம் என்று நான் தயங்க, மகன் கையைப் பிடித்து இருத்தினான். பெல்ட் எனக்குப் பூட்டத் தெரியவில்லை. குனிந்து அவனே இழுத்துப் பூட்டினான். "இது பூட்டாட்டி இன்சூரன்ஸ் குடுக்காதம்மா. உங்களுக்கெண்டு எவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டனீங்கள்" என்று சிரித்தான். கார்க்காரர் சொன்னதை அவன் மறக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பரந்தன் திரும்பி முல்லைத்தீவு வீதியில் போனோம். அவன் வீதியைப் பார்த்தபடியே கதைத்தான். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் இருந்து கதைப்பது எனக்கும் இலேசாக இருந்தது.

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னவர்?"

இத்தனை வருடமும் அவன் கேட்காத கேள்வி. தொலைபேசியில் நானும் சொல்லாதது.

"என்ன சொன்னவர்? உப்பில்லாத கஞ்சி வேண்டாமெண்டு என்னோட சண்டை பிடிச்சவர். டொக்டருக்கும் ஏச்சு, எனக்கும் ஏச்சு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் தன் தோளில் கண்ணைத் துடைத்தான். "உன்ர பேரைச் சொல்லிக் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடுத்தனான். 'அவன் அனுப்பின உப்பு' எண்டு. குடிச்சார்" என்றேன்.

விசுவமடு தாண்டியதும் அவன் சொன்னது போலவே எனக்கு வயிற்றைப் பிரட்டியது. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்து, கடைசியில் நிறுத்தச் சொல்லி இறங்குவதற்குள் சேலையிலும் கார்க் கதவிலும் சத்தி எடுத்துவிட்டேன். வெட்கத்தில் வீதியோரம் குந்திவிட்டேன். அவன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்து என் தலையைப் பிடித்தான். உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி என் முகத்தைக் கழுவினான். வாயைத் தன்னுடைய லேஞ்சியால் துடைத்தான். "கார்க்கார அண்ணை ஏசப் போறார்" என்றேன். "இது இன்சூரன்சில வராதம்மா, கழுவித்தான் குடுக்கவேணும்" என்றான். கதவை அவனும் மருமகளும் சேர்ந்து கழுவினார்கள். பேத்தி எனக்கு விசிறினாள். அந்த வீதியோரத்தில் ஒரு நிழலும் இல்லை. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாம் போல இருந்தது.

முள்ளிவாய்க்கால் வந்தபோது காரை மெதுவாக்கி, "இதுவோ அம்மா?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். கடைசிச் சண்டையில் தகப்பனும் நானும் அதற்குள்தான் இருந்தோம். அவன் கடற்காற்று உள்ளே வரட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டான். வற்றாப்பளையில் அம்மாளாச்சி முன்னால் நின்று நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வந்ததெல்லாம் வரும் வழியிலேயே கிடைத்துவிட்டது போல இருந்தது. அதைத் திருப்பி எடுத்துவிடாதே என்று மட்டும் சொன்னேன். எடுக்கத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய கனடாப் பயணம் அடுத்த நாள்.

விமானநிலையத்தில் அவர்கள் இறங்கியதும் காரைத் திருப்பிக் கொண்டுவருவதற்குக் கார்க்காரர் வந்து பின்னால் பிள்ளைகளோடு ஏறினார். கொண்டுவந்ததை எல்லாம் கொடுத்து முடிந்ததால் பெரிய சூட்கேஸ் வெறுமையாக என்னிடமே நின்றுவிட்டது, ஐந்து சீற்றும் நிறைந்துவிட்டது. வெயில் சாய்கிற நேரம். பக்கத்து வீட்டுப் பிள்ளை குடத்தோடு வந்தாள். நான் வழக்கம்போல உள்ளே போகத் திரும்பினேன்.

"அம்மா, எங்க போறியள்?"

"நீ வெளிக்கிடு ராசா. நேரம்."

"நீங்கள் முன்னுக்கு வந்து நிண்டாத்தான் காரை எடுப்பன்."

"சும்மா இரு. விமானத்தில போற பயணம். பிள்ளையள் இருக்குதுகள்."

அவன் சாவியைத் திருப்பிக் காரை நிறுத்தினான். சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். சின்னதில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாலும் இப்படித்தான் இருப்பான். கார்க்காரர் பின்னாலிருந்து, "வாங்கோம்மா, இவர் அசையமாட்டார். விமானம் விட்டா அதுக்கு நான் இன்சூரன்ஸ் போடேல்லை" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளை குடத்தோடு ஒதுங்கி எனக்கு வழி விட்டாள்.

நான் போனேன். காருக்கு எதிரே, படலைக்கு நடுவில் நின்றேன். அவன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தபடியே காரை எடுத்து, எனக்குப் பக்கத்தால் மெதுவாக வெட்டிக்கொண்டு வெளியே வந்தான். யன்னலால் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டான். பிறகு வாய்க்கால் வீதியில் ஏறினான்.

சிறுபோகம் வெட்டி முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் வெறும் வயல். மறைக்க ஒரு மரம் இல்லை. கார் பெரிய வீதியில் ஏறும் வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது. போகப் போகச் சின்னதானதே தவிர மறையவில்லை. உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன். கால் வரவில்லை. இத்தனை வருடமும் போகிறவர்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அது எனக்கும் எவ்வளவு உதவியாக இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே நின்றால் சத்தம் மட்டும்தான் கேட்கும், அதுவும் கெதியில் அடங்கிவிடும்.

"போட்டினமக்கா, வாங்கோ உள்ளுக்கு" என்றாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

"கொஞ்சம் பொறு, இன்னும் தெரியுது" என்றேன்.